லீஜன் மறுபடியும் முதலிலிருந்தா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் 'லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்' என்ற, அமெரிக்காவின் டி.சி. பதிப்பகத்துப் படக்கதைக் குழுவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எழுத்தாளர் மாறட்டும், பழைய வரலாற்றை அழித்து முதலிலிருந்துகூடத் தொடங்கட்டும், தொடங்கிய கதையை முடிக்காமல் விடுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை என்று நான்கைந்து வரியில் பதில் எழுதி, 1989-ல் தொடங்கிய லீஜனைப் புகழ்ந்தும் இருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் என் எழுதுபொருள் கடையின் மேசை இழுப்பறையை நிறைத்துவிட்டன. அதனால் இம்மாதம் முழுப் பக்கமும் லீஜனுக்கே. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறேன். ஒரு வேண்டுகோள்: உறையின் மேல் இன்னும் சிலர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறீர்கள். ஊரின் பெயர் 2007-லேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. புதுப் பெயரை எழுதினால் கடிதம் சீக்கிரம் வந்து சேர்கிறது.

பல்கலைக்கழக மாணவர், பெஸ்தாரி ஜெயா

கேள்வி: அக்கா, ஷா ஆலத்தில் பழைய புத்தகக் கடையொன்றில் 2019 லீஜன் தொகுப்பு கிடைத்தது. ஒரே இரவில் படித்து முடித்தேன். என் அறைத்தோழனோ, "இது லீஜனே இல்லை, உண்மையான லீஜன் 1994-லேயே முடிந்துபோனது" என்கிறான். அப்படியானால் நான் படித்தது யாரை?

பதில்: நீங்கள் படித்ததும் லீஜன்தான், தம்பி. உங்கள் தோழருக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. அதையும் சொல்கிறேன்.

1958 ஏப்ரல் மாத 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 247-ஆம் இதழில்தான் இவர்கள் முதலில் வந்தார்கள். எழுதியவர் ஆட்டோ பைண்டர், வரைந்தவர் அல் பிளாஸ்டினோ. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்திலிருந்து மூன்று இளையவர்கள், சிறுவயது சூப்பர்மேனான சூப்பர்பாயைத் தேடி வருகிறார்கள். காந்த ஆற்றல் கொண்ட காஸ்மிக் பாய், மனத்தைப் படிக்கும் சேட்டர்ன் கேர்ல், மின்னலை ஏவும் லைட்னிங் லேட். தங்கள் குழுவில் சேர அவனுக்குப் பரீட்சை வைக்கிறார்கள். ஒரே ஒரு கதைக்காகப் பிறந்த மூவர் அவர்கள். வாசகர்கள் விடவில்லை. கடிதம் எழுதி எழுதித் திரும்ப வரவழைத்தார்கள்.

அந்தக் கதை 1994 வரை ஒரே சரடாக ஓடியது. 36 ஆண்டுகள். பையன்களாகவும் பெண்களாகவும் வந்தவர்கள் வளர்ந்தார்கள், காதலித்தார்கள், மணம் முடித்தார்கள், சிலர் செத்தார்கள், செத்தவர்களுக்காக மற்றவர்கள் அழுதார்கள். 1994-ல் 'ஜீரோ அவர்' என்ற நிகழ்வின் பெயரால் அத்தனையையும் துடைத்துவிட்டு, மூவரும் முதன்முதலாகச் சந்திக்கும் நாளிலிருந்து மறுபடியும் தொடங்கினார்கள். உங்கள் தோழர் சொல்லும் சாவு இதுதான்.

அந்த இரண்டாம் குழு பத்தாண்டு நடந்தது. 2004-ன் இறுதியில் எழுத்தாளர் மார்க் வெய்டும் ஓவியர் பாரி கிட்சனும் அதையும் ஒதுக்கிவிட்டு மூன்றாம் குழுவைக் கொண்டுவந்தார்கள். அது 2009-ல் நின்றது. இதற்கிடையே 2007-ல் முதல் குழுவை ஒத்த ஒன்று வேறு இதழ்களில் மீண்டு வந்தது. 2008-லும் 2009-லுமாக ஜெஃப் ஜான்ஸ் எழுதி ஜார்ஜ் பெரேஸ் வரைந்த 'லீஜன் ஆஃப் த்ரீ வேர்ல்ட்ஸ்' கதையில் மூன்று குழுக்களும் நேருக்கு நேர் நிற்கின்றன. கூட்டக் காட்சிகளில் ஒவ்வொரு முகத்தையும் பெரேஸ் தனித்தனியாக வரைந்திருப்பார். அதைப் பார்த்த பிறகு "இதுதான் உண்மை, அது பொய்" என்று பேச எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் கையில் இருப்பது பிரையன் மைக்கேல் பெண்டிஸும் ரயன் சூக்கும் செய்த குழு. சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட் அதில் சேருகிறான் அல்லவா? அவன் கண்ணால் நீங்கள் அந்த உலகத்தைப் பார்த்து மகிழ்ந்திருந்தால், அந்த மகிழ்ச்சி முழுக்க உங்களுடையது.

அடுத்து 1982-ன் 'கிரேட் டார்க்னெஸ் சாகா' தொகுப்பைத் தேடிப் பிடியுங்கள். பால் லெவிட்ஸ் எழுத, கீத் கிஃபன் வரைந்தது. யார் அந்த எதிரி என்று பல இதழ்கள் வரை சொல்லாமலே இழுத்துக்கொண்டு போகும் அழகு அதில் இருக்கிறது. தோழரிடமும் கொடுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, ஈஜோக்

கேள்வி: நான் முத்து காமிக்ஸ் காலத்து வாசகன். எனக்கு மாயாவி என்றால் என்றைக்கும் ஒரே மாயாவிதான். எழுதுபவர் மாறினார் என்பதற்காகப் பாத்திரத்தின் பிறப்பையே மாற்றி எழுதுவது வாசகனை அவமதிப்பது ஆகாதா?

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் இரும்புக்கை மாயாவிக்கும் எழுத்தாளர் மாறியிருக்கிறார். 1962-ல் லண்டனின் 'வேலியன்ட்' இதழில் கென் புல்மர் தொடங்கினார், பிறகு டாம் டல்லி தொடர்ந்தார். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் தூரிகை இருவருக்கும் பொதுவாக இருந்ததாலும், சிவகாசியிலிருந்து நமக்கு எல்லாம் ஒரே தமிழில் வந்ததாலும் அந்த மாற்றம் நம் கண்ணில் படவே இல்லை. டல்லி, புல்மரின் மாயாவியை எடுத்து வளர்த்தார். ஒரு கை மாறி இன்னொரு கை வருவது இப்படி அமைந்தால் யாருக்கு என்ன வருத்தம்?

லீஜனுக்கு நேர்ந்தது வேறு. அமெரிக்கப் பெரிய பதிப்பகங்களில் பாத்திரம் பதிப்பகத்தின் சொத்து. எழுத்தாளர் கூலிக்கு எழுதுபவர். ஒரே பதிப்பகம் மாதம் பல இதழ்களை வெளியிடுகிறது, அத்தனையும் ஒரே உலகத்தில் நடப்பதாகச் சொல்கிறது. அப்போது ஓர் இதழில் செய்த மாற்றம் இன்னோர் இதழின் அடித்தளத்தைப் பெயர்த்துவிடுகிறது. 1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேனின் கதையைப் புதிதாக எழுதினார். அதன்படி சூப்பர்மேனாகிய கிளார்க் கென்ட் சிறுவனாக இருந்தபோது சூப்பர்பாய் என்ற பெயரில் இயங்கவே இல்லை. சூப்பர்மேனுக்கு அது நல்ல கதை. ஆனால் சூப்பர்பாயைப் பார்த்துத்தானே லீஜன் பிறந்தது! அவனே இல்லையென்றால் அந்தக் குழு யாரைப் பின்பற்றி உருவானது?

அப்போது லீஜனை எழுதிக்கொண்டிருந்த லெவிட்ஸ், இவர்கள் பழகிய சூப்பர்பாய் ஒரு தனிச் சிற்றுலகத்தைச் சேர்ந்தவன், டைம் டிராப்பர் என்ற எதிரி அதை உண்டாக்கி வைத்திருந்தான் என்று கதை கட்டினார். 1987-ல் அந்தச் சூப்பர்பாய் நண்பர்களைக் காக்கப் போராடி உயிர் விடுகிறான். வெளியிலிருந்து வந்த ஒரு நெருக்கடியை இப்படிக் கண்ணீராக மாற்ற முடிந்த எழுத்தாளரை நான் என்றைக்கும் மதிப்பேன். ஆனால் பெயர்ந்த அடித்தளம் நேராகவில்லை. அடுத்து வந்தவர்கள் சூப்பர்பாயின் இடத்தில் மான்-எல் என்ற இன்னொரு வீரனை வைத்தார்கள், சூப்பர்கேர்ல் இடத்தில் புதிதாக ஒரு பெண்ணை வைத்தார்கள், ஒட்டு மேல் ஒட்டுப் போட்டார்கள். ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்குவதே எளிது என்று பதிப்பகம் முடிவு செய்தது.

வணிகமும் உண்டு. கடைக்காரர்கள் முன்கூட்டியே எண்ணிக்கை சொல்லி வரவழைக்கும் முறையில், அட்டையில் '1' என்று போட்ட இதழை அதிகம் வாங்குவார்கள். விற்பனை சரியும்போதெல்லாம் அந்த எண்ணின் மேல் பதிப்பகத்துக்கு ஆசை வருகிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிறப்பை மாற்றுவதை நான் அவமதிப்பாக எண்ணவில்லை. நாயகன் குன்றின் விளிம்பில் தொங்கும்போது "தொடரும்" என்று போட்டுவிட்டு, அடுத்த மாதம் வேறொருவரை அழைத்து வேறு கதை சொல்லவைப்பதுதான் அவமதிப்பு.

தையற்காரர், கிள்ளான்

கேள்வி: லீஜனில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?

பதில்: சேட்டர்ன் கேர்ல். 1963-ல் ஒரு முன்னறிவிப்பு வருகிறது, குழுவில் ஒருவர் சாகப்போகிறார் என்று. அந்தச் சாவு தனக்கே வரட்டும் என்று அவள் சூழ்ச்சி செய்கிறாள். லைட்னிங் லேட் அதைக் கண்டுபிடித்து அவளை முந்திச் செத்துப்போகிறான். சில மாதம் கழித்து வந்த 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 312-ஆம் இதழில் அவனை உயிர்ப்பிக்க ஒருவர் உயிர் தரவேண்டும். எல்லாரும் மின்னலை நோக்கி உலோகக் கோலை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். இவள் மட்டும் மின்னலை அதிகம் இழுக்கும் கோலை மறைவாக எடுத்து வைத்திருக்கிறாள். கடைசியில் மின்னல் விழுவது அவள் உருவம் எடுத்து நிற்கும் புரோட்டி என்ற சிறு பிராணியின் மேல். குழந்தைகளுக்கான இதழ் என்று சொல்லப்பட்டதில் இத்தனை அன்பு!

இதை வைத்துத்தான் ரசிகர்களிடையே பெரிய சண்டை நடந்தது. 1989-க்குப் பிறகு எழுதியவர்கள், அன்றைக்கு உயிர்த்தெழுந்தவன் லைட்னிங் லேடே அல்ல, அவன் உடலுக்குள் புகுந்த புரோட்டி என்று வெளிப்படுத்தினார்கள். அவள் மணந்துகொண்டதும், பிள்ளைகள் பெற்றதும் புரோட்டியோடுதான் என்று ஆகிவிட்டது. சிலர் அதைத் துணிச்சலான எழுத்து என்று பாராட்டுகிறார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. புரோட்டி தன் உயிரைக் கொடுத்தது என்பதுதான் அந்தப் பழைய கதையின் உயிர்நாடி. கொடுத்த உயிர் இன்னோர் உடலில் வாழ்ந்துகொண்டிருந்தது என்றால் அது கொடுத்ததாகவே ஆகாது. முன்னவர் எழுதியதை மாற்றும் உரிமை பின்னவருக்கு உண்டு. ஆனால் மாற்றும் முன்பு அந்தப் பழைய கதை எதனால் நெஞ்சில் நின்றது என்று பார்த்திருக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர், சுங்கை சிப்புட்

கேள்வி: பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் லீஜனுக்குக் கதை எழுதினான் என்று என் மாணவன் சொல்கிறான். நம்பலாமா?

பதில்: நம்புங்கள். பிட்ஸ்பர்க் நகரத்துப் பையன் ஜிம் ஷூட்டர். வீட்டில் பணமுடை. படக்கதை எழுதினால் சம்பாதிக்கலாம் என்று எண்ணி, கடையில் கிடைத்த இதழ்களை ஊன்றிப் படித்து, படங்களின் அமைப்பையும் தானே கோட்டோவியமாக வரைந்து, பதின்மூன்று வயதில் பதிப்பகத்துக்கு அனுப்பினான். 1966 ஜூலை தேதியிட்ட 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 346-ஆம் இதழில் அவன் கதை வந்தபோது அவனுக்கு வயது 14. அந்த ஒரே கதையில் நான்கு புதியவர்களை அறிமுகம் செய்தான். அவர்களில் ஒருவன் முகமூடி அணிந்த ஃபெர்ரோ லேட். அடுத்த ஆண்டே, சூரியனை விழுங்க வரும் பேரழிவுக்குள் வெடிகுண்டைச் சுமந்துகொண்டு அவனே பாய்ந்து மாய்கிறான்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பழைய மறுபதிப்பில் நான் அதைப் படித்தேன். மாலையில் லயத்துப் பிள்ளைகளை வாசற்படியில் உட்காரவைத்துத் தமிழில் சொல்லுவேன். ஃபெர்ரோ லேட் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்தபோது ஒரு சிறுவன் எழுந்து வீட்டுக்கே போய்விட்டான். உங்கள் மாணவனிடம் சொல்லுங்கள், அந்தக் கதையை எழுதியவன் அவனைவிட ஒன்றிரண்டு வயதுதான் பெரியவன் என்று. இன்றைக்கே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

இதே ஷூட்டர் 1978-லிருந்து 1987 வரை மார்வெல் பதிப்பகத்தின் தலைமை ஆசிரியராக இருந்தார். 2008-ல் மறுபடியும் லீஜனுக்கு வந்தார், வெய்டும் கிட்சனும் தொடங்கிய மூன்றாம் குழுவுக்கு. 37-ஆம் இதழில் தொடங்கினார். இதழ் 50-ஐ எட்டியபோது பதிப்பகம் நிறுத்திவிட்டது. அவர் மனத்தில் வைத்திருந்த முடிவு அச்சேறவில்லை. கடைசி இதழில் அவர் பெயரே இல்லை. 2025-ல் அவர் காலமானார். சிறுவனாக இந்தக் குழுவுக்கு உயிர் ஊட்டியவருக்கு, ஒரு கதையை முடிக்கச் சில இதழ்கள் கொடுத்திருக்கக் கூடாதா? என் கோபத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். இங்கேதான்.

மோட்டார் பட்டறை உரிமையாளர், பாகாவ்

கேள்வி: 1989-ல் தொடங்கிய லீஜனை நீங்கள் சென்ற மாதம் புகழ்ந்ததை நான் ஏற்கவில்லை. எல்லாரும் தளர்ந்து, காயப்பட்டு, சிரிப்பே இல்லாமல் அலைகிறார்கள். பூமியையே வெடிக்கவைத்தார்கள். நம்பிக்கை தரவேண்டிய கதை அது. அதைக் கெடுத்தது இந்த எழுத்தாளர்கள்தான் என்பது என் கருத்து. உங்கள் பதில் என்ன?

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம். மூன்றையும் இரண்டு முறை படித்தேன். உங்களைப் போல நினைப்பவர்கள் நிறைய. ஆனாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்காக நான் வாதாடியே தீருவேன்.

கிஃபனும், டாம், மேரி பீர்பாம் தம்பதியும் முந்தைய கதையிலிருந்து ஐந்து ஆண்டு தள்ளித் தொடங்கினார்கள். குழு கலைந்து கிடக்கிறது. பக்கத்துக்கு ஒன்பது சிறு கட்டங்கள், அவற்றில் பாதி இருட்டு. காஸ்மிக் பாய் ஒரு போரில் தன் காந்த ஆற்றலை இழந்துவிட்டான். அதே போரில் எதிர்த்தரப்பில் நின்றவள் பழைய தோழி ஷ்ரிங்கிங் வயலட். அந்த இருவரும் மறுபடியும் ஒரே குழுவில் சேர வேண்டும். எந்த வில்லனும் இல்லாத அந்தச் சந்திப்பை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. லைட்னிங் லேடும் சேட்டர்ன் கேர்லும் வினாத் என்ற கோளில் தோட்டம் வைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்கள் எவ்வளவு நெருக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. நம்பிக்கை இல்லை என்கிறீர்கள். எல்லாம் போன பிறகும் ஒருவரையொருவர் தேடிப் போகிறார்களே, அதைவிட வேறு நம்பிக்கை எது?

பூமியின் அழிவு 1992-ல், 38-ஆம் இதழில் வந்தது. அங்கே உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். எங்கள் ஊரை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. என் அப்பா இருந்த தோட்டத்திலோ நான் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை ரப்பர் பால் மரம்தான். உளி அளவுக்கு மேல் இறங்கினால் மரத்தின் உள்தோல் காயப்படும், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும் என்பார் அப்பா. இன்றைக்கு மங்கு நிறையப் பால் வடியும். சில ஆண்டு கழித்து அந்த நிரைக்கு வேறொருவர் வரும்போது உளி வைக்க நல்ல பட்டை இருக்காது. பூமியை வெடிக்கவைத்தது அப்படி ஒரு வெட்டு. கிஃபன் விலகினார், பிறகு பீர்பாம் தம்பதியும் விலகினார்கள். காயத்தோடு மரம் அடுத்தவர் கைக்குப் போனது. ஆறுவதற்கு நாள் கொடுத்திருந்தால் ஆறியிருக்கும் என்றே நம்புகிறேன். 1994-ல் மரத்தையே சாய்த்துவிட்டார்கள்.

இல்லத்தரசி, கோலசிலாங்கூர்

கேள்வி: என் மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். நூலகத்திலிருந்து இந்தப் புத்தகங்களையே எடுத்து வருகிறாள். விடலாமா?

பதில்: விடுங்கள், அம்மா. 1989 தொகுப்புகளை மட்டும் நான்கைந்து ஆண்டு கழித்துப் படிக்கட்டும்.

வங்கி ஊழியர், தெலுக் இந்தான்

கேள்வி: எக்ஸ்-மென் குழுவும் மாறிக்கொண்டேதான் இருந்தது. அது மட்டும் எப்படி ஓங்கி வளர்ந்தது?

பதில்: 1970-களின் தொடக்கத்தில் லீஜனுக்குப் புது உடையும் புது வேகமும் கொடுத்த ஓவியர் டேவ் காக்ரம், மார்வெலுக்குப் போய், 1975-ல் லென் வீனோடு சேர்ந்து எக்ஸ்-மென் குழுவைப் புதிதாகக் கட்டினார். லீஜனுக்காக அவர் யோசித்து வைத்திருந்த நைட்கிராலர் அங்கே போய் இடம் பிடித்தான். அதற்கு முன் சில ஆண்டுகள் எக்ஸ்-மென் இதழில் பழைய கதைகளைத்தான் மறுபதிப்புச் செய்துகொண்டிருந்தார்கள். ஏறத்தாழ செத்த இதழ் அது.

ஆனாலும் அவர்கள் பழையதை அழிக்கவில்லை. பழைய குழு காணாமல் போகிறது, புதிய குழு தேடிப் போகிறது, அவ்வளவுதான். பிறகு கிறிஸ் கிளேர்மான்ட் வந்தார், 1991 வரை அவரே எழுதினார். பதினாறு ஆண்டு ஒரே மனிதர் ஒரே குடும்பத்தோடு வாழ்ந்தார் என்றால் வேறு விளக்கம் எதற்கு? ஓவியர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், அது யாரையும் உறுத்தவில்லை.

தொழிற்சாலை ஊழியர், சுங்கை பட்டாணி

கேள்வி: 2019 குழுவில் லைட்னிங் லேடைக் கறுப்பினத்தவனாகக் காட்டியதற்காக ஆங்கிலத்தில் பலர் வசைபாடுகிறார்கள். அந்தக் குழு தோற்றதற்கு இதுதான் காரணமா?

பதில்: இல்லவே இல்லை, தங்கையே. இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

லீஜன் கதை நடப்பது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. பச்சைத் தோல் பிரெய்னியாக் 5 இருக்கிறான், நீலத் தோல் ஷேடோ லாஸ் இருக்கிறாள், ஆரஞ்சு நிறக் கமீலியன் பாய் இருக்கிறான். ஆனால் முதல் 18 ஆண்டுகள் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. ஃபெர்ரோ லேடின் முகமூடிக்குள் ஒரு கறுப்பின முகம் இருக்கவேண்டும் என்று சிறுவன் ஷூட்டர் விரும்பினான். ஆசிரியர் மறுத்துவிட்டார். ஷூட்டரே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். 1976-ல் டைராக் என்ற முதல் கறுப்பின உறுப்பினர் வந்தபோதோ, கறுப்பின மக்கள் எல்லாரும் மார்சல் என்ற தனித்தீவில் ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்று ஒரு காரணம் எழுதினார்கள். படித்தபோது எனக்கு உடம்பு எரிந்தது. தோட்டத்து எல்லைக்குள்ளேயே ஒரு மக்களை வைத்துவிட்டு, அவர்களாகத்தான் ஒதுங்கி இருக்கிறார்கள் என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2019-ல் பெண்டிஸும் சூக்கும் குழுவை நிறுவிய மூவரில் ஒருவனையே கறுப்பினத்தவனாக்கியது நியாயமான செயல். அதில் லைட்னிங் லேடின் குணம் ஒரு துளியும் குறையவில்லை.

அந்தக் குழு தடுமாறியது வேறு இடத்தில். முதல் இதழிலிருந்தே கூட்டம் அதிகம். ஒரு பக்கத்தில் பத்துப் பேர் பேசுகிறார்கள், யாருக்கும் யாரோடும் என்ன உறவு என்று தெரியவில்லை. சூக்கின் படங்களில் ஒவ்வொருவருக்கும் தனி நடை, தனி உடை, தனி நிற்கும் விதம் இருக்கிறது. வசனத்தில் எல்லாரும் ஒரே குரலில் வேடிக்கை பேசுகிறார்கள். அவர்கள் மெல்லத் தெளிந்து வரும் நேரத்தில், 2021-ல், 12-ஆம் இதழோடு தொடர் நின்றது. அடுத்த ஆண்டு, அதே பதிப்பகத்தின் இன்னொரு நாயகர் குழுவான ஜஸ்டிஸ் லீக்கோடு சேர்த்து ஆறு இதழ்க் கதை ஒன்று வந்தது. அதுவும் அவசரத்தில் ஓடியது. 24 இதழ் கொடுத்திருந்தால் இந்தக் குழு நிலைத்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

படிவம் ஐந்து மாணவி, ரவாங்

கேள்வி: நாம் எங்கோ ஒரு மூலையில் இருந்து கருத்துச் சொல்வதால் அவர்களுக்கு என்ன ஆகப்போகிறது?

பதில்: லீஜன் விஷயத்தில் நிறையவே ஆகியிருக்கிறது. குழுத் தலைவர் தேர்தலில் வாசகர்கள் வாக்களிக்கும் வழக்கம் 1960-களிலேயே தொடங்கியது. வாசகர்கள் பாத்திரங்களுக்கு உடை வரைந்து அனுப்பினார்கள், புதிய உறுப்பினர்களை முன்மொழிந்தார்கள். பால் லெவிட்ஸ் இளவயதில் ரசிகர் இதழ் நடத்தியவர். பீர்பாம் தம்பதி, லீஜன் ரசிகர்கள் தங்களுக்குள் எழுதிச் சுற்றுக்கு விட்ட 'இன்டர்லாக்' என்ற வெளியீட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்கள். கடிதம் எழுதியவர்களே பிறகு கதை எழுதினார்கள். நீ எழுது, அம்மா. எது பிடிக்கவில்லை என்று எழுதுவதோடு நிறுத்தாதே. எந்தப் பக்கத்தில், எந்தச் சொல்லில் மனம் நின்றது என்பதையும் எழுது.

புத்தகக் கடை ஊழியர், லுனாஸ்

கேள்வி: அடுத்து லீஜனுக்கு வரும் எழுத்தாளரிடம் நீங்கள் கேட்பது என்ன?

பதில்: முதலில் பதிப்பகத்திடம் கேட்கிறேன்: வருபவருக்கு இரண்டு ஆண்டு உறுதி கொடுங்கள். விற்பனை சரிந்தால் நிறுத்துங்கள், ஆனால் மூன்று மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், அவர் கதையை முடித்துக்கொள்வார்.

எழுத்தாளரிடம்: மூன்று பேரோடு தொடங்குங்கள். காஸ்மிக் பாய், சேட்டர்ன் கேர்ல், லைட்னிங் லேட். முதல் இதழில் வேறு யாரும் வேண்டாம். நான்காவது ஆள் வரும்போது அவர் ஏன் வந்தார் என்று எங்களுக்குத் தெரியவேண்டும். ஐந்தாவது ஆள் வரும்போது நான்காமவரோடு அவருக்குப் பிணக்கோ நட்போ இருக்கவேண்டும். 'லீஜன் லாஸ்ட்' என்று 2000-ல் வந்த பன்னிரண்டு இதழ்க் கதையைப் படித்துவிட்டு வாருங்கள். டான் ஆப்னெட்டும் ஆண்டி லானிங்கும் எழுதியது, ஒலிவியே குவாப்பெல் வரைந்தது. வீடு திரும்ப வழியில்லாத தூரத்தில் ஒன்பது பத்துப் பேரை மாட்டவைத்து, அவர்கள் ஒருவரையொருவர் எப்படித் தாங்குகிறார்கள் என்று காட்டுகிறார்கள். எனக்கு 1994 மறுதொடக்கத்தின் மேல் இருந்த கசப்பைக் கரைத்தது அந்தக் கதைதான். அதைப் படிக்காதவரிடம் லீஜனைக் கொடுக்கக் கூடாது.

ஃபெர்ரோ லேடை இந்த முறை யார் எழுதினாலும் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுதட்டும்.

இடம் தீர்ந்துவிட்டது. மீதிக் கடிதங்களுக்கு அடுத்த மாதம் பதில் எழுதுகிறேன். வெய்ட், கிட்சன் காலத்து இதழ்களில் 16-லிருந்து 36 வரை, அதாவது அட்டையில் சூப்பர்கேர்ல் பெயரும் சேர்ந்து வந்தவை, யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். தபால் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.